நான் வாசிக்க, அவர் தட்டினார்

என் கணவருக்குக் கண் போன பிறகு வந்த இரண்டாவது மாரி அது. அப்போது நாங்கள் உடையார்கட்டில், ஒருவருடைய தென்னங்காணிக்குள் கிடுகால் வேய்ந்த கொட்டிலில் இருந்தோம். நானும் அவரும் என் அம்மாவும். ஒரு நாள் காலை ஒரு கன்னியாஸ்திரி சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்கு வந்தார். சங்கிலிக்குள் சிக்காமல் இருக்க அங்கியின் கீழ்ப்பக்கத்தை உடுப்புக் கிளிப்பால் மாட்டியிருந்தார்.

“கொம்பியூட்டர் மாஸ்டர் இருக்கிற வீடு இதுவோ, பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தப் பட்டத்தை யாரும் சொல்லி நெடுநாளாகியிருந்தது. உள்ளே இருந்த இவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கதிரை அசைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

இவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்து யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பித்தார். கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெய் இருக்கும் நாட்களில் கரண்ட் தரும் லைற் எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரம் மெசினைக் காட்டுவார். மற்ற நாட்களில் கரும்பலகையில் கீபோட்டை வரைந்து, பிள்ளைகளை மேசையில் விரல் தட்டப் பழக்குவார். அதே கட்டடத்தின் கீழ் வீட்டில்தான் நான் தமிழ்த் தட்டச்சுப் படித்தேன். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா கடலோடு போன பிறகு, கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று அம்மா என்னைக் கன்னியர் மடத்து விடுதியில் விட்டுப் படிப்பித்தார். நான் வேதம், அதாவது கிறிஸ்தவம்; இவர் சைவம். கல்யாணத்துக்கு இவருடைய வீட்டார் ஒருவரும் வரவில்லை. என் பக்கத்தில் அம்மா மட்டும் வந்தார்.

பிறகு யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் கடலேரியைக் கடந்து கிளிநொச்சிக்கு வந்தோம். அடுத்த வருடம் கிளிநொச்சிச் சனமும் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. சாமான் கட்டிய சைக்கிளை இவர் தள்ளிக்கொண்டு போக, நான் பத்தடி பின்னால் வந்தேன். ஷெல் விழுந்தது இவருக்கு முன்னால். வலக்கண் அந்த இடத்திலேயே போய்விட்டது. இடக்கண் கொஞ்சக் காலம் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்து, பிறகு அதுவும் அணைந்தது. அம்மாவும் அதே வருடம் கரையை விட்டு வந்துவிட்டார். மூவரும் உடையார்கட்டில் ஒன்று சேர்ந்தோம்.

இவர் கோபித்துக் கத்தவில்லை, குடிக்கவும் இல்லை. வாளி எங்கே, கிணற்றடிக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டுக் காணியைப் பாடமாக்கிக்கொண்டார். கொம்பியூட்டர் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பால்மா ரின்னுக்குள் அடுக்கிக் கொண்டுவந்த புளொப்பித் தட்டுகள் கூரை வளையில் தொங்கின. ஈரம் பிடிக்காமல் இருக்க அதற்குள் ஒரு பிடி அரிசி போட்டிருந்தார். அந்த அரிசியை மாற்றச் சொல்லிக்கூட அவர் கேட்டதில்லை.

அம்மா போட்ட பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காக அவர் ஒரு நிலையம் நடத்தினார். ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் தன் காரியாலயத்தை மூடிக்கொண்டு போகும்போது, பழைய கொம்பியூட்டர் ஒன்றை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தது.

“போட்டால் வேலை செய்யுது, மாஸ்டர். ஆனால் ஏதோ பாஷையிலை என்னவோ கேட்டுக்கொண்டு நிக்குது. அதுக்கங்காலை போகுதில்லை.”

“போட்டவுடனை எத்தினை தரம் கீச்சிடுது?” என்று இவர் கேட்டார்.

“அது நான் கவனிக்கேல்லையே.”

“பிறகு உள்ளுக்கை கரகரவெண்டு ஒரு சத்தம் கேக்குதோ?”

“ஓம், அது கேக்குது.”

“அப்ப உள்ளுக்கை இருக்கிற தட்டு உயிரோடை இருக்கு,” என்றார். பிறகு, ஏதோ கூடாததைச் சொல்லிவிட்டவர்போலக் கதிரையில் பின்னால் சாய்ந்தார். “சிஸ்டர், எனக்குக் கண் தெரியாதெண்டு உங்களுக்குச் சொன்னவையோ?”

“சொன்னவை. உங்கடை மனுசிக்குக் கண் தெரியும்தானே.”

“எனக்கு இங்கிலீஷ் வராது, சிஸ்டர்,” என்று நான் அவசரமாகச் சொன்னேன். சாதாரண தரப் பரீட்சையில் எனக்கு ஆங்கிலம் இரண்டு தடவையும் சித்தியில்லை.

இவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “எழுத்து தெரியுந்தானே. எழுத்தைச் சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அடுத்த நாள் நான் சைக்கிளை ஓட்ட, இவர் பின் கரியரில் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மனுசி ஓட்டப் புருஷன் பின்னால் இருந்து போவதைச் சனங்கள் நின்று பார்த்தார்கள். இவருடைய ஒரு கை என் இடுப்பைப் பிடித்திருந்தது. கிரவல் வீதியில் குண்டும் குழியும் வரும்போதெல்லாம் மற்றக் கை ரின்னை நெஞ்சோடு அணைப்பதை முதுகில் உணர்ந்தேன்.

மெசின் ஒரு தகரக் கொட்டகையின் மூலையில், பள்ளிக்கூட மேசையில் இருந்தது. மஞ்சள் பிடித்த பெட்டி. எஞ்சினைப் போட அங்கே வேறு யாரும் இல்லை. சிஸ்டரே அங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டு, இரண்டு துளி பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தார். நாலைந்து இழுவையில் அது பிடித்தது. பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அந்த நாட்களில் எண்ணெய் வருவது பெரும்பாடு. அதனால் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

எஞ்சின் சத்தத்தில் மெசினின் சத்தம் இவருக்குக் கேட்கவில்லை. “அதைத் தள்ளி வைக்கலாமோ, சிஸ்டர்?” என்று கேட்டார். நீள வயர் ஒன்றைத் தேடியெடுத்து, எஞ்சினைக் கிணற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தோம். இவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

“போடும்.”

ஒரு கீச்சு. திரையில் இலக்கங்கள் ஓடி நின்றன.

“ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு எண்டு கிடக்கு,” என்றேன்.

“இன்னும் ஓடுதோ?”

“இல்லை. நிண்டிட்டுது.”

இவர் பெருமூச்சு விட்டார். “ரெண்டு எம்.பி. நினைவகம் நல்லாக் காணாது.”

பிறகு திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில் இருந்ததை நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எம், ஓ, ரி. ஒரு இடைவெளி. டி, ஈ. இன்னொரு இடைவெளி. பி, ஏ, எஸ், எஸ், ஈ. இவர் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “பாஸ்... கடவுச்சொல் கேக்குது. அதைத் தெரிஞ்ச ஆக்கள் இப்ப எந்தத் தேசத்திலையோ. இதைத் துடைச்சுப் போட்டுப் புதுசா ஏத்த வேணும், சிஸ்டர்.”

சிஸ்டர் சந்தோஷத்தோடு ஓடிப்போய் ஒரு கட்டுப் புளொப்பித் தட்டுகளைக் கொண்டுவந்தார். வவுனியாவால் வந்த ஒரு பாதர் எப்படியோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். புதிய விண்டோஸ்.

“இது இதுக்குள்ளை இராது, சிஸ்டர். இந்த மெசினுக்கு அவ்வளவு நினைவு இல்லை. என்னட்டைப் பழசு இருக்கு.” ரின்னைத் திறந்து அரிசியைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு தட்டாக என் கையில் தந்து லேபிளை வாசிக்கச் சொன்னார். அவருடைய எழுத்து. நீல மை கொஞ்சம் ஊறியிருந்தது.

முதல் தட்டைப் போட்டு, திரையில் வெறும் ஒரு எழுத்தும் ஒரு கோடும் வந்து நின்றபோது, அவர் சொல்ல நான் தட்டினேன். எஃப், ஓ, ஆர், எம், ஏ, ரி.

“என்ன வந்திருக்கு? திருப்பி வாசியும்.”

“எஃப், ஓ, ஆர், பிறகு... ஒரு புள்ளியும் கீழை ஒரு கால்புள்ளியும். பிறகு கியூ. பிறகு ரி.”

“கவனமாத் தட்டும்.”

திரும்பவும் தட்டினேன். திரும்பவும் அதே. எம்மை அமத்தினால் எம் வரவில்லை. ஏயை அமத்தினால் கியூ வந்தது. “மெசின் பழுது, இஞ்சாருங்கோ. நான் சரியாத்தான் அமத்துறன்,” என்றேன். அழுகை வரும்போல இருந்தது. பக்கத்தில் சிஸ்டர் வேறு நிற்கிறார்.

இவர் கையை நீட்டிக் கீபோட்டைத் தடவினார். இரண்டு சுட்டுவிரல்களும் அங்கே நடுவரிசையில் இருக்கும் சின்னப் புடைப்புகளைத் தேடிப் பிடித்தன. விரல்களைப் பரப்பி வைத்தார். பிறகு சிரித்தார். கண் போன பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மெசினிலை பிழையில்லை. இது அவையின்ரை தேசத்துக் கீபோட். எழுத்தை வேறை மாதிரி அடிச்சு வைச்சிருக்கினம். என்ரை தட்டு அதைக் கவனிக்காது, இடத்தைத்தான் பாக்கும். நீர் கண்ணாலை பாக்கிறீர், அதுதான் பிழைக்குது. எழும்பும், நான் இருக்கிறன்.”

அவர் இருந்தார். விரல்கள் ஓடின. நான் திரையில் வந்ததை வாசித்தேன். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் படியேறும்போது மேல் வீட்டிலிருந்து கேட்கும் அந்தத் தட்டல் எனக்கு நினைவு வந்தது.

“இப்ப என்ன கேக்குது?”

நான் வாசித்தேன். “ஆல் டேற்றா... வில் பீ லொஸ்ற்...”

“உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் போகுமாம். போகட்டோ, சிஸ்டர்?”

“ஆற்றையோ சாமான், மாஸ்டர். அவை போயிட்டினம். போகட்டும்.”

இவர் ஒரு எழுத்தை அமத்தினார். உள்ளே கரகரப்பு மாறி, ஒரே சீராக ஒலிக்கத் தொடங்கியது. பெட்டியில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

அப்படித்தான் அந்த நாட்கள் போயின. எண்ணெய் உள்ள நாட்களில் போவோம். நான் வாசிக்க, அவர் தட்டுவார். சில சொற்கள் எனக்குப் பழகிவிட்டன. “இன்சேர்ட்” என்றால் அடுத்த தட்டைப் போடு. “பிளீஸ் வெயிற்” என்றால் பொறு. அந்தச் சொற்களை அம்மாவும் பிடித்துக்கொண்டார். அடுப்பில் உலை கொதிக்க முன்னம் யாராவது சாப்பாடு கேட்டால் “பிளீஸ் வெயிற்” என்பார்.

விண்டோஸ் தட்டுகளில் ஒன்று பாதியில் நின்று, வாசிக்க முடியவில்லை என்று சொன்னது. திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில். இவர் அதை வெளியே எடுத்து, தகர மூடியைத் தள்ளி என்னைப் பார்க்கச் சொன்னார். கறுத்தத் தட்டில் வெள்ளைப் பொட்டாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. சிஸ்டர் மருந்தறையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தார். இவர் நடுவிலுள்ள வட்டத்தை மெல்லத் திருப்பிக்கொடுக்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். எங்கள் நாலு கைகளும் உள்ளங்கையளவான அந்தப் பொருளைச் சுற்றி இருந்தன. காய்ந்த பிறகு போட்டோம். கொஞ்சம் முக்கியது. பிறகு வாசித்தது. சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

விண்டோஸ் முதன்முதலாகத் திறந்தபோது, “எப்பிடி இருக்குச் சொல்லும்,” என்றார்.

“நீலமா இருக்கு. நடுவிலை ஒரு சன்னல் மாதிரி, காத்திலை பறக்கிற மாதிரி. நிறங்கள் நாலு.”

“சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்,” என்றார். “ஓம். ஓம்.”

தமிழ் எழுத்துரு உள்ள தட்டு ஒன்றும் ரின்னில் இருந்தது. அதை ஏற்றி, எழுதும் பக்கத்தைத் திறந்து, தமிழுக்கு மாற்றியதும் ஒரு பெட்டி வந்து விழுந்தது. நினைவகம் போதாது. மூடிவிட்டுத் திறந்தாலும் அதே. அன்றைக்கு எண்ணெயும் முடிந்துவிட்டது.

வீட்டில் அவருடைய யோசனை முழுவதும் அதிலேயே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது திடீரென்று, “அந்த ஸ்மாட் டிரைவ் வேண்டாம். அது சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது,” என்பார். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, “ஆரோ இடத்தைப் பிடிச்சிட்டினம் எண்டு சொல்லுறார், என்னடி?” என்று பயத்தோடு கேட்டார். இவர் மனத்திற்குள் மெசினைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார். பின்னணிப் படம் வேண்டாம். மவுஸ் இல்லாமலே செய்யலாம், அதைத் தூக்கலாம். தேவையில்லாத எழுத்துருக்கள் எல்லாம் வேண்டாம். “கிளிநொச்சியிலையிருந்து வெளிக்கிடேக்கை சைக்கிளிலை எதைக் கட்டினம், எதை விட்டம்? அப்பிடித்தான் இதுவும்,” என்று என்னிடம் சொன்னார். அவர் அந்த நாளைப்பற்றித் தானாக வாயெடுத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த தடவை போனபோது, அவர் சொல்லச் சொல்ல நான் வரிகளை வாசித்தேன், அவர் ஒவ்வொன்றாக நீக்கினார். மெசினை நிறுத்திப் போட்டோம். எழுதும் பக்கத்தைத் திறந்து தமிழுக்கு மாற்றினோம். பெட்டி வரவில்லை. வெள்ளைப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது.

“வந்திட்டுது,” என்றேன்.

“ஏதாவது அடியும். தமிழ் அடிக்கிறது உம்மடை வேலை.”

அந்த எழுத்துரு தட்டச்சு மெசின் ஒழுங்கிலேயே செய்யப்பட்டது. நான் பழகிய அதே ஒழுங்கு. கீபோட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை. விரல்கள் தாமாகப் போயின. திரையில் தமிழ் எழுத்துகள் வந்தபோது பின்னால் நின்ற சிஸ்டர், “ஆ! இயேசுவே,” என்றார்.

“என்ன அடிச்சனீர்?” என்று இவர் கேட்டார்.

“உங்கடை பேர்.”

அவர் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னார். சிஸ்டர் ஒரு அறிவித்தலைக் கொண்டுவந்து வைத்தார். நான் அடித்தேன். வேகமாகவே அடித்தேன், பழைய பழக்கம் முழுக்கத் திரும்பி வந்திருந்தது. நடுவில் ஒரு தடவையேனும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய கை பெட்டியின் மேலிருந்து எப்போது எடுபட்டது என்று நான் கவனிக்கவில்லை. அடித்து முடித்துத் திரும்பியபோது கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சிஸ்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “மாஸ்டர், ஒரு ஆளுக்குத்தான் என்னாலை சம்பளம் குடுக்க ஏலும். நான் உங்களை நினைச்சுத்தான் வந்தனான். ஆனா இப்ப...”

“இவா வரட்டும், சிஸ்டர்,” என்று இவர் உடனேயே சொன்னார். “தமிழ் அடிக்க நான் தேவையில்லை. ரெண்டு பேர் இருந்து ஒராளின்ரை வேலையைச் செய்யிறது சரியில்லைத்தானே.”

அன்றைக்குத் திரும்பும்போது அவருடைய கை என் இடுப்பில் இருக்கவில்லை. கரியரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீதி மோசம், பிடியுங்கோ என்றேன். பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் என்றார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். முதல் சில மாதங்கள் பின்னேரம் வந்தவுடன் கேட்பார். “இண்டைக்கு என்ன செய்தது? எங்கையும் இறுகி நிண்டதோ?” நான் சொல்வேன். அவர் இதை அமத்திப் பாரும், அதை மூடிப்போட்டுத் திறவும் என்பார். கொஞ்சக் காலத்தில் அவர் சொல்ல முன்னமே எனக்கு விடை தெரிந்திருந்தது. தெரியாததுபோல அவரிடம் கேட்டும் பார்த்தேன். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். “உமக்குத் தெரியும். என்னட்டை ஏன் கேக்கிறீர்?” என்றார். கோபமாக இல்லை, களைப்பாக.

பக்கத்துக் காணியில் ஒருவர் றேடியோ வைத்திருந்தார். பற்றரி தடைசெய்யப்பட்ட காலம். ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவை வயரால் இணைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். இவர் பின்னேரங்களில் அங்கே போய்ச் சுற்றத் தொடங்கினார். ஒரே வேகத்தில் சுற்றுவார், குரல் ஏறி இறங்காது. மாஸ்டர் சுற்றினால் செய்தி தெளிவு என்று சனம் சொல்லும். நான் வேலையால் வரும்போது வேலிக்கு மேலால் அவருடைய முதுகு முன்னும் பின்னும் அசைவது தெரியும். அந்தக் காட்சியைப் பார்க்காமல் வருவதற்காகச் சில நாட்கள் மற்றப் பாதையால் சுற்றி வந்தேன்.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “நீர்தான் எனக்குக் கண் எண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் உமக்கு என்ன?”

“நீங்கள் எனக்குப் புருஷன்,” என்றேன்.

“ஓம்,” என்றார். அவ்வளவுதான். பிறகு மோர் கேட்டார்.

அடுத்த வருடம் ஒரு காலை மெசின் வேலை செய்யவில்லை. கீச்சிட்டது, இலக்கம் ஓடியது, அதற்குப் பிறகு கறுப்புத் திரை. சிஸ்டருக்குக் கவலை. எனக்கோ, இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது, நெஞ்சு நிறையச் சந்தோஷம். நேரத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

“இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ. அது நிண்டிட்டுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

அவர் முகத்தில் ஒரு கணம் சந்தேகம் வந்தது. நான் மெய்யாகத்தான் சொல்கிறேன் என்று தெரிந்ததும் எழுந்து, சேர்ட்டைத் தேடினார். வழி முழுக்கக் கேள்வி. கடைசியாக என்ன செய்தீர், எஞ்சின் இடையில் நின்றதோ, மணம் ஏதும் வந்ததோ. அன்றைக்கு அவர் கை என் இடுப்பில் இருந்தது.

சிஸ்டர் எஞ்சினை இழுத்தார். இவர் பெட்டியில் கையை வைத்தார். நான் போட்டேன். கீச்சு. பிறகு உள்ளே ‘டக், டக், டக்’ என்று நகத்தால் கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். நின்றது. திரும்பவும் தட்டியது.

அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

“உள்ளுக்கை இருக்கிற தட்டு பழுதாப் போச்சு, சிஸ்டர். ஏத்திறது இருக்க ஒரு இடம் வேணும். அந்த இடமே இல்லை. வேறை தட்டு வேணும்.”

வேறு தட்டு வவுனியாவில் ஆமியின் தடையைத் தாண்டி வர வேண்டும். வராது என்று மூவருக்கும் தெரியும். “புளொப்பியிலை இருந்து பழைய மாதிரி இங்கிலீஷிலை மட்டும் ஓட்டலாம்,” என்று இவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “நான் வந்து இருந்து அடிக்கலாம்.”

“எங்களுக்கு இங்கிலீஷிலை அடிக்க என்ன இருக்கு, மாஸ்டர்,” என்றார் சிஸ்டர். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. உண்மையைச் சொன்னார். பிறகு எங்கள் இருவருக்கும் தானே தேநீர் ஊற்றித் தந்தார்.

நிலையத்துக்குப் பழைய தமிழ்த் தட்டச்சு மெசின் ஒன்று கிடைத்தது. என் வேலை போகவில்லை. எஞ்சினும் எண்ணெயும் வேண்டாம் என்பதால் சிஸ்டருக்கு ஒரு பாரம் குறைந்தது. இவர் அதைக் கேட்டு, “அது நல்லதுதான்,” என்றார்.

அந்த மாரி ஊரெல்லாம் மலேரியா. இவருக்கு வந்தபோது முதலில் நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை, எல்லோருக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது. மாத்திரை எடுத்தார், குறைந்தது, திரும்பவும் வந்தது. இரண்டாம் தடவை மூளைக்கு ஏறிவிட்டது. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர்கள் தங்களிடம் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போது என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். நான் அவரை விட்டு வெளியே வந்து, வாங்குப் பலகையில் இருந்த அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தவுடனேயே எழுந்துவிட்டார்.

மரண அறிவித்தல் அடிக்க வேண்டியிருந்தது. அக்கம் பக்கத்தில், பிரதிகள் எடுக்கும் ஸ்டென்சில் தாளில் எழுத்து வெட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். “நான் கையாலை எழுதிறன், பிள்ளை. நீ இரு,” என்று சிஸ்டர் சொன்னார். நான் கேட்கவில்லை. அழுத முகத்தைக் கழுவிவிட்டுத் தட்டச்சு மெசினின் முன் இருந்தேன். ஸ்டென்சிலில் பிழை விட்டால் திருத்துவது கஷ்டம், அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். பேர், பிறந்த இடம், இருந்த இடம். தொழில் என்ற இடத்தில் ‘கணனி ஆசிரியர்’ என்று அடித்தேன்.

சிஸ்டர் ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். “முன்னாள் எண்டு போடேல்லையோ?”

“இல்லை, சிஸ்டர்.”

அவர் அதைப் பிரதி எடுக்கும் மெசினில் மாட்டினார். மையைத் தடவி உருளையைச் சுற்றினார்.

அந்தத் தாள்களைச் சந்திகளிலும் கடைகளின் முன்னாலும் ஒட்டினார்கள். இவருடைய சகோதரர்கள் யாழ்ப்பாணத்தில், செய்தி போய்ச் சேருவதற்கே நாளாகும். அதனால் என் பக்கத்துச் சனமும் அயலும்தான் இருந்தார்கள். றேடியோக்காரர் முதலில் வந்து, கடைசிவரை நின்றார். சைவமுறைப்படி செய்ய வேண்டும் என்று அம்மாவே ஒரு ஐயரைத் தேடிப் பிடித்துக்கொண்டுவந்தார்.

உடலை எடுப்பதற்குச் சற்று முன்னர் இரண்டு பெண்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இருபது வயதை ஒட்டியவர்கள். எனக்குத் தெரியாதவர்கள். தலைமாட்டில் நின்று அழுதார்கள். அழுது முடித்து ஒருத்தி என்னிடம் வந்தாள்.

“நாங்கள் யாழ்ப்பாணத்திலை மாஸ்டரிட்டைப் படிச்சனாங்கள், அக்கா. சந்தியிலை நோட்டீசைப் பாத்திட்டு வாறம். கணனி ஆசிரியர் எண்டு கிடந்தது. பேரைப் பாத்தால் மாஸ்டர்.”

“எங்கை இருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“உடையார்கட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை, அக்கா. கிளிநொச்சியிலையிருந்து வந்த நாளிலையிருந்து இஞ்சைதான்.”

பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் எங்கள் காணியிலிருந்து நடந்துபோகிற தூரம்.

“மாஸ்டர் இவ்வளவு காலமும் இஞ்சையே இருந்தவர்?” என்று மற்றவள் கேட்டாள். “எங்களுக்குத் தெரியாதே, அக்கா. தெரிஞ்சிருந்தால் நாங்கள் வந்து கதைச்சுக்கொண்டாவது இருந்திருப்பம்.”

வெயில் ஏறியிருந்தது. அவர்கள் இருவரையும் நிழலில் பாயில் இருக்கச் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன்.